ஏரி மண் கொள்ளை: படம் எடுத்தவர் யாரென்று தெரியாமல் பகிர்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ராத்திரியில் மண் அள்ளுகிறார்கள். செல்போனில் எடுக்கும் படங்களைக் குழுக்களில் போடுகிறோம். எடுத்தவருக்கு ஆபத்து வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: முதலில், மூலப்படத்தில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, நேரம், போன் மாடல் பதிவாகும். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேரும். புகார் மனுவுக்கு இவை பலம். பொதுவில் போனால் அவையே காட்டிக்கொடுக்கும். மூலத்தை பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள், நகலை மட்டும் பகிருங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரங்கள் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமென்டாக அனுப்புகிறவர்கள் சிக்குவது இதில்தான். ஆண்ட்ராய்டில் எஃப்-டிராய்டு என்ற செயலித் தளத்தில் கிடைக்கும் 'ஸ்கிராம்பிள்டு எக்ஸிஃப்' இலவசச் செயலி நகலைச் சுத்தம் செய்து தரும். ஆனால் உங்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம் என்றால் கோணமே வீட்டைச் சொல்லிவிடும். அதை எந்தச் செயலியாலும் மறைக்க முடியாது.

குழுவை, வாட்ஸ்அப் போன்ற இன்னொரு செயலியான சிக்னலுக்கு மாற்றுவது நல்லது. அதன் பிளர் வசதி முகங்களைத் தானே மங்கலாக்கும். பக்கவாட்டு முகங்களைத் தவறவிடும், அவற்றை விரலால் தேய்த்து மறையுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி, போன் நம்பர் என்று போய், எண்ணைப் பார்ப்பது, எண்ணை வைத்துத் தேடுவது இரண்டையும் 'நோபடி' ஆக்குங்கள். 2024 முதல் யூசர்நேம் வசதியும் இருப்பதால் புதியவர்களுக்கு அதையே கொடுக்கலாம்.

மேலும் படிக்க, டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் இ.எஃப்.எஃப். அமைப்பின் 'சர்வைலன்ஸ் செல்ஃப்-டிஃபென்ஸ்' வழிகாட்டி இணையத்தில் இலவசம்.