இரட்டைச் சடையும் சீருடையும் – கடிதம், பதில்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பள்ளிச் சீருடையைப் பற்றித் தாங்கள் அண்மையில் எழுதிய கட்டுரையை எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். வசதியான வீட்டுப் பிள்ளையையும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையையும் ஒரே வரிசையில் ஒன்றுபோல நிற்கவைப்பது சீருடைதான், அதைக் கைவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அதே நியாயம் தலைமுடிக்கும் பொருந்தாதா என்பது என் கேள்வி.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எல்லோரும் எண்ணெய் வைத்து, நேர்வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டி வர வேண்டும். பூவும் கலர் கிளிப்பும் கூடாது. நெற்றியில் முடி வெட்டிவிடக் கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். இந்த ஆண்டு பிளஸ் ஒன்னில் சேர்ந்த ஒரு மாணவி, கோடை விடுமுறையில் முடியைத் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டியின் பொறுப்பில் வளர்பவள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். விதிப்படி சடை போட இயலாததால் மூன்று நாட்கள் வகுப்புக்கு வெளியே நின்றாள். பிறகு இரண்டு பக்கமும் குடுமிபோலக் கட்டிவரச் சொல்லி உள்ளே அனுமதித்தோம். அன்றிலிருந்து ஆசிரியர்கள் இரண்டு பட்டு நிற்கிறோம்.

விதி வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. பேன் பரவாது என்கிறார்கள். பிள்ளைகளின் கவனம் அலங்காரத்தில் போகாது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டிப்பான பள்ளி என்ற பெயர் இருப்பதால்தான் சுற்றுவட்டாரத்துத் தந்தையர் வயதுக்கு வந்த மகளைப் பிளஸ் டூ வரை இங்கே அனுப்புகிறார்கள் என்கிறார்கள். அப்படிச் சொல்லியே மகளைச் சேர்த்தவர்களை நானும் அறிவேன். விரைவில் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றி முடிவெடுக்க இருக்கிறோம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

சீருடையைப் பற்றி நான் எழுதியதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சீருடை பிள்ளைகளைச் சமமாக்குகிறது என்றால், எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவது மட்டும் அதற்குக் காரணமல்ல. அதை அரசு கொடுக்கிறது. சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 இணைச் சீருடை கிடைக்கிறது. பாடப்புத்தகமும் நோட்டும் புத்தகப்பையும் காலணியும் பேருந்து அட்டையும் கிடைக்கின்றன. உங்கள் பிளஸ் ஒன் மாணவிகளுக்கு மிதிவண்டியும் கிடைக்கிறது. இரட்டைச் சடையை எந்தத் துறையும் வழங்குவதில்லை. பள்ளி கேட்கிறது, வீடு கொடுக்கிறது. வீடு என்று பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலும் ஒரு பெண்ணின் இரண்டு கைகள்தாம் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

சடை பின்னிவிட்டவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு என்று தெரியும். இடுப்பளவு முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்; சீப்பின் முனையால் உச்சியிலிருந்து பிடரிவரை ஒரே கோடாகப் பின்வகிடு இழுக்க வேண்டும்; இரண்டு பக்கமும் ஒரே அளவாக மூன்று கால்கள் பிரித்து, இரண்டு சடையும் ஒரே உயரத்தில் காதுக்குப் பின்னால் தொடங்கும்படி பின்னி, மடித்து, ரிப்பனை முதல் மணிக்குள் அவிழாதபடி முடிச்சுப் போட வேண்டும். இதில் பின்வகிட்டைத் தானே பார்த்து எடுக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. ஒற்றைச் சடையைப் பத்து வயதுப் பிள்ளைகூடத் தோளுக்கு முன்னால் போட்டுத் தானே பின்னிக்கொள்ளும். மடித்துக் கட்டிய இரட்டைச் சடைக்கு, அதுவும் வழிபாட்டுக் கூட்டத்தில் சோதனையில் தேறக்கூடிய இரட்டைச் சடைக்கு, பின்னால் நிற்க இன்னொருவர் வேண்டும்.

உங்கள் மாணவிக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் திருப்பூரில் இருக்கிறார். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியிலேயே விடையின் பெரும்பகுதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவள் எதற்காக முடியை வெட்டினாள் என்று உங்கள் பள்ளியில் யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நாகரிக மோகத்தால் வெட்டியிருக்கலாம், அதிலும் குற்றமில்லை. ஆனால் பார்வை மங்கிய ஒரு பாட்டியிடம் அன்றாடம் தலையைக் கொடுத்து, வகிடு கோணலாகிவிட்டது என்று வரிசையிலிருந்து வெளியே இழுக்கப்படுவதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டும் வெட்டியிருக்கலாம். பல பிள்ளைகள் காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கு வருகிறார்கள், அதற்கு வீட்டுச் சூழலும் ஒரு காரணம் என்பதை அரசே ஒப்புக்கொண்டுதான் 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இட்லி வைத்துக் கொடுக்க ஆளில்லாத வீட்டில் சடை பின்னிவிட மட்டும் ஆள் இருப்பார் என்று விதி எழுதியவர்கள் எப்படி எண்ணினார்கள்?

செவ்வாயும் வெள்ளியும் உங்கள் வகுப்பறையில் நுழைந்ததும் வரும் வாடையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதிகாலையில் தலைக்குக் குளித்து, துவட்ட நேரமில்லாமல், ஈரத்தோடு எண்ணெய் தொட்டு இறுகப் பின்னி மடித்துக் கட்டிய முடி மாலை வரை காய்வதில்லை. மாதவிடாய் நாட்களில் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்ற வழக்கமுள்ள வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துப் பள்ளி மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் சென்றது ஏறக்குறைய இதற்காகத்தான். காலையில் குளித்த ஈர முடியை இரண்டாகப் பின்னிவரச் சொல்வது முடியையும் கெடுக்கிறது, நேரத்தையும் தின்கிறது என்பது அவருடைய முறையீடு. முடி ஒழுங்காகக் கட்டியிருந்தால் போதும், இரண்டாகப் பின்னித்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என அங்கே பள்ளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. அதனால் அங்கே பள்ளிகளின் ஒழுக்கம் சரிந்துவிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பேனைப் பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது. பேன் பறப்பதுமில்லை, தாவுவதுமில்லை. ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போது முடியைப் பற்றி ஊர்ந்து போகிறது. நெருக்கியடித்து உட்காரும் பெஞ்சில் விரித்த முடி அதற்குப் பாலம்தான். ஆகவே கட்டிய முடி ஓரளவுக்குக் காப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காப்பை ஒற்றைச் சடையும் தரும், கொண்டையும் தரும். தோளுக்கு மேலே வெட்டிய முடியில் பேன்சீப்புப் போடுவதோ மிக எளிது. ஏற்கெனவே பேன் உள்ள தலையில் இரட்டைச் சடை எதையும் தீர்ப்பதில்லை. ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலாகலாம் என்பதால், ஒரு முறை மருந்து வைத்தபின் அந்த இடைவெளி விட்டு மறுமுறையும் பார்க்க வேண்டும்; வகுப்பில் பேன் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் இதைச் செய்தால்தான் பலன். பேன்தான் உண்மையான கவலை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்து இதைச் சொல்லச் சொல்லலாம். மேலும், இறுகப் பின்னுவதே ஒரு கேடு. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இழுவையால் முடி உதிர்வதைத் தோல் மருத்துவர்கள் தனியாகவே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் மீண்டும் வளரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடும்.

இனி அந்தத் தந்தையர். உங்கள் கடிதத்தில் கனமான வாதம் இதுதான். கண்டிப்பு என்ற பெயருக்காகவே பிளஸ் டூ வரை படிக்கவைக்கப்பட்ட பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களில் பலர் அந்தச் சடையோடுதான் கல்லூரி வாசலை மிதித்தார்கள். ஒரு காலத்தில் பள்ளிகள் இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொண்டதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அதைப் பேரம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். சுகாதாரம், சமத்துவம், ஒழுக்கம் என்று மாணவிகளிடம் காரணம் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் 'உன் மகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்' என்று தந்தைக்கு உறுதியளிப்பதை அந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஆண்பிள்ளையின் முடி வெட்டில் பள்ளி ரவுடித்தனத்தைத் தேடுகிறது, பெண்பிள்ளையின் முடியில் கவர்ச்சியைத் தேடுகிறது. தேடப்படுவது எது என்பது பதினொரு வயதிலேயே பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஜப்பானில் சில பள்ளிகள் பிடரி தெரிகிறது என்பதற்காகக் குதிரைவால் கட்டுவதையே தடை செய்திருந்தன. நாம் கட்டச் சொல்கிறோம், அவர்கள் கட்டாதே என்றார்கள். இரண்டிலும் அஞ்சப்பட்டது ஒன்றே.

முடியை ஒரே அச்சில் வார்ப்பதைச் சமத்துவம் என்பவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். பிரிட்டோரியா மகளிர் உயர்நிலைப் பள்ளி நிறவெறி ஆட்சிக்காலத்தில் வெள்ளை மாணவிகளுக்கு உரியதாக இருந்தது. பின்னர் கறுப்பின மாணவிகளும் சேர்ந்தார்கள். ஆனால் பள்ளி விதி, பின்னலின் பருமன் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அளந்து சொன்னது. இயல்பாகவே சுருண்டு எழும்பி நிற்கும் முடியோடு பிறந்த பிள்ளைகள் 'முடியைச் சரிசெய்' என்ற கட்டளையை அன்றாடம் கேட்க வேண்டியிருந்தது. 2016 ஆகஸ்டில் மாணவிகள் திரண்டு எதிர்த்தார்கள். முன்னணியில் நின்ற ஜுலைக்கா படேலுக்கு அப்போது வயது 13. மாகாணக் கல்வி அமைச்சர் நேரில் வந்தபின் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. ஜப்பானின் ஒசாகாவில் பிறவியிலேயே பழுப்பு முடி என்று சொன்ன மாணவியைக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லி மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்கள். அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியபின் வகுப்பறையிலிருந்து அவருடைய மேசையையும் அகற்றிவிட்டார்கள். 2021இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 3,30,000 யென் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் சாய விதியை அது தவறு என்று சொல்லவில்லை. மேசையை அகற்றியதையும் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதையுமே தவறு என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனக்குறை உண்டு. ஆனாலும் மூன்று நாட்கள் வகுப்புக்கு வெளியே ஒரு மாணவியை நிறுத்திய பள்ளி அதைக் கவனிக்க வேண்டும்: விதியை ஏற்றுக்கொண்ட நீதிபதிகள்கூட, விதியின் பெயரால் பிள்ளையை வகுப்பிலிருந்து அகற்றுவதை ஏற்கவில்லை.

நம் சட்டமும் அப்படித்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிளஸ் ஒன் மாணவி அந்தச் சட்டத்தின் 14 வயது எல்லையைக் கடந்தவள்தானே என்று கூட்டத்தில் யாராவது வாதிடக்கூடும்; அப்படி வாதிடுபவரின் வகுப்புக்குக் கொஞ்ச நாள் நீங்களே போய்வருவது நல்லது.

இன்னொன்றையும் கூட்டத்தில் கேளுங்கள். பழனிக்கோ சமயபுரத்துக்கோ போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடும் துணித் தொப்பியோடும் வரும் மாணவியை உங்கள் பள்ளி என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. முடி வளரும்வரை அவளுக்குச் சடையும் வேண்டாம், குடுமியும் வேண்டாம். அதனால் பள்ளியின் ஒழுங்கும் கெட்டதில்லை, வரிசையும் குலைந்ததில்லை. அப்படியானால் எல்லோரும் ஒன்றுபோல இருப்பது பள்ளிக்குத் தவிர்க்க முடியாத தேவையன்று. முருகனுக்குக் கொடுத்தால் கேள்வியில்லை, தன் வசதிக்காக வெட்டினால் வாசலில் நிற்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை தன் தலையைப் பற்றித் தானே முடிவெடுத்தாள் என்பதுதான் இங்கே குற்றமாகிறது.

நான் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பூ கூடாது என்ற விதியை ஆதரிக்கிறேன். மல்லிகை விலை ஏறும் மாதங்களில் அது யார் தலையில் இருக்கும், யார் தலையில் இருக்காது என்பது நமக்குத் தெரியும், பூ வைக்கும் வழக்கமில்லாத வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் சுடருக்கு முன்னால் விரித்த முடியோடு யாரும் நிற்கக் கூடாது. கபடித் திடலிலும் அப்படித்தான். எண்ணெயை வீட்டுக்கே விட்டுவிடலாம். நீங்கள் முன்மொழிய வேண்டிய விதி ஒரே வரியில் அடங்கிவிடும்: முடி சுத்தமாக, முகத்தில் விழாதவாறு, கட்டக்கூடிய நீளமிருந்தால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒற்றைச் சடையா, இரட்டைச் சடையா, கொண்டையா, வெட்டிய முடியா என்பதை அவளும் அவள் வீடும் பார்த்துக்கொள்ளட்டும். இரட்டைச் சடையை விரும்பும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்கள் போட்டுக்கொண்டு வருவதில் யாருக்கும் வருத்தமில்லை.

தந்தையரின் அச்சத்துக்கும் கூட்டத்தில் பதில் இருக்க வேண்டும். அதை ஆசிரியர் அறைக்குள் முடித்துவிடாமல் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். அதன் உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது சடை பின்னுகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மாணவி முதல் மணிக்கு வராவிட்டால் அந்த மணி முடிவதற்குள் வீட்டுக்குத் தொலைபேசி வரும், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்து ஏறும்வரை ஓர் ஆசிரியை நிறுத்தத்தில் நிற்பார் என்று அவர்களுக்கு உறுதி சொல்லுங்கள். மகளின் பாதுகாப்புக்கு அஞ்சும் தகப்பனுக்கு ரிப்பனைவிட அது பெரிய ஆறுதல். உடற்கல்வி ஆசிரியைக்கும் காலையில் தலைகளைச் சோதிக்கும் நேரம் மிச்சமாகும்.

கடைசியாக, கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இன்னும் ஒரு பொருளைச் சேர்த்துவிடுங்கள். வெளியே நின்ற மூன்று நாட்களில் நடந்த பாடங்களை அந்த மாணவிக்கு யார், எந்த வேளையில் மீண்டும் நடத்துவது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்