விதி அளக்கும் இடத்தில் வளையும் சுவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு நாட்டின் கட்டடக்கலையைப் பண்பாடும் தட்பவெப்பமும்தான் தீர்மானிக்கின்றன என்கிறார்கள். அரசியலுக்கும் வரிக்கும் அதில் நேரடிப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. சில இடங்களில் சென்டிமீட்டர் கணக்கிலேயே காட்டலாம். ஒரு கட்டட விதியைப் படிக்கும்போது, அது எதை எண்ணுகிறது, எங்கிருந்து எதுவரை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டுகிறவர் அந்த இடத்தில்தான் கை வைப்பார்.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்தது. வரிக்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆனால் அங்கே காணும் குருட்டு ஜன்னல் எல்லாமே வரியால் வந்தது என்று நம்பிவிட வேண்டாம். முகப்பு இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே அடைத்தவையும் உண்டு. அடைத்த செங்கல் பக்கச் சுவரோடு பல்லுப் பல்லாகக் கோத்திருந்தால் அது ஆதியிலேயே கட்டியது. ஓரத்தில் நேர்க்கோடாக இணைப்பு தெரிந்தால் பிறகு அடைத்தது.

1784-இல் செங்கல்லுக்கும் வரி வந்தது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. உடனே கல் பெரிதானது. 1803-இல் 150 கன அங்குலத்தைத் தாண்டிய கல்லுக்கு இரட்டை வரி போட்டு அதை அடக்கினார்கள். 1850-இல் அந்த வரி போனது.

பாரிஸில் உயரத்தைத் தெருமட்டத்திலிருந்து கார்னிஸ் (சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பு) வரைதான் அளந்தார்கள். 1859-இன் விதிப்படி, 20 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள தெருவில் 20 மீட்டர் உயரம் கட்டலாம். அதற்கு மேல் இருப்பது கூரை, அது கணக்கில் சேராது. அந்தச் சாய்வுக் கூரைக்குள் ஒரு தளத்தையே ஒளித்துவைத்தார்கள். வேலைக்காரர்கள் குடியிருந்தது அங்கேதான். நாம் ரசிக்கும் 'பாரிஸ் கூரை'க்குப் பின்னால் இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது.

பெர்லின் கதை இன்னும் கொடுமை. 1853-இன் விதி, உள்முற்றம் குறைந்தது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும். குடியிருப்பவருக்கு வெளிச்சம் வேண்டுமே என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1862-இன் நகரத் திட்டம் பெரிய பெரிய மனைத்தொகுதிகளைப் போட்டது. நிலம் விலை ஏற ஏற, ஒரே மனையில் முற்றத்துக்குப் பின் முற்றமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். வெடிங் பகுதியில் ஒரு குடியிருப்பில் ஆறு முற்றங்கள் வரிசையாக இருந்தன.

கேள்வி: சோவியத் ஐந்து மாடி வீடுகள் ஏன் எல்லாம் ஒரே அச்சு? அரசு கட்டினாலே அப்படித்தானா?

பதில்: இரண்டாவதற்கு இல்லை என்பதே பதில். போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம். 1955 நவம்பர் 4 அன்று, கட்டுமானத்தில் 'மிகைகளை' ஒழிக்கும் ஆணை வந்தது. தூணும் சிற்பமும் போயின, ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகள் வந்தன. தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து தளம்தான் லிஃப்ட் இல்லாமல் கட்ட அனுமதித்த எல்லை. அறையின் உயரம் சுமார் 2.5 மீட்டர், சமையலறை 6 சதுர மீட்டருக்குள்.

அதற்கு முன்பே வியன்னாவில் ஓர் இடதுசாரி நகராட்சி நேர் எதிராகச் செய்தது. 1923-இல் வீட்டு வரி போட்டு, பெரிய வீட்டுக்காரரிடம் அதிகம் வசூலித்து, அந்தப் பணத்தில் கட்டியது. 1927 முதல் 1930 வரை எழுந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் நீளம், 1,382 வீடுகள், சலவைக்கூடம், நூலகம் எல்லாம் உண்டு. ஊரில் வேலையில்லாதவர்கள் நிறைந்திருந்ததால் இயந்திரத்தைத் தவிர்த்து ஆள்வேலை மிகுந்த செங்கல் கட்டுமானத்தை வேண்டுமென்றே எடுத்தார்கள். கொள்கை கிட்டத்தட்ட ஒன்று. சோவியத்தில் தட்டுப்பாடு நேரத்துக்கு, வியன்னாவில் கூலி வேலைக்கு. வடிவம் அதனால்தான் பிரிந்தது.

பலகைக் கட்டடங்களின் நோய் இணைப்பில் தொடங்குகிறது. வெயிலிலும் குளிரிலும் பலகை நீண்டு சுருங்கும். இடைவெளியில் சிமென்ட் சாந்தைப் பூசினால் ஒரு பருவத்திலேயே வெடித்து, நீர் இறங்கி, உள்ளே பூஞ்சை பிடிக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, இடைவெளியைவிடக் கால்பங்கு பெரிய நுரைக்கயிற்றை அழுத்திச் செருகி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசை) பூச வேண்டும். சீலன்ட்டின் கனம் இடைவெளியின் அகலத்தில் சுமார் பாதி. அது இரு பக்கமும்தான் ஒட்ட வேண்டும். பின்புறமும் ஒட்டினால் இழுபட்டுக் கிழியும். கயிறு வைப்பதே அதைத் தடுக்கத்தான்.

கேள்வி: இரும்பும் சிமென்ட்டும் கிடைக்காத நாட்டில் பெரிய கூரை எப்படிப் போட்டார்கள்?

பதில்: கியூபாவைப் பாருங்கள். 1961-இல் ஹவானாவின் கோல்ஃப் மைதானத்தில் கலைப்பள்ளிகள் தொடங்கியபோது அமெரிக்கத் தடையால் இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் தட்டுப்பாடு. போர்ரோ, கராட்டி, கோட்டார்டி என்ற மூன்று கட்டடக் கலைஞர்கள் ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியில் வழங்கும் ஓட்டு வளைவைக் கையில் எடுத்தார்கள். மெல்லிய ஓட்டைப் படுக்கவைத்து, முதல் அடுக்கை விரைவாக இறுகும் ஜிப்சச் சாந்தால் ஒட்டுவார்கள். உடனே பிடித்துக்கொள்வதால் கீழே முழு சென்டரிங் வேண்டாம். அடுத்த அடுக்குகளை முந்தைய இணைப்புகள் மூடும்படி சாய்த்துவைத்து சிமென்ட் சாந்தில் பதிப்பார்கள். கவனம் வேண்டியவை இரண்டு. ஜிப்சம் நனைந்தால் வலுவிழக்கும். வளைவு பக்கவாட்டில் தள்ளும், எனவே ஓரத்தில் இழுகம்பியோ கனத்த சுவரோ இல்லாவிட்டால் நடுவில் பிளக்கும். 1965-இல் அந்தப் பள்ளிகளின் வேலை பாதியில் நின்றது. வளைவில் குறை கண்டு அல்ல. சோவியத் பாணிப் பலகைக் கட்டடம் அரசின் விருப்பமாகிவிட்டது.

கேள்வி: பல நாடுகளில் மொட்டை மாடியில் தூண்கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, வரி ஏய்க்கவா?

பதில்: அப்படி ஒரு பேச்சு உண்டு. அதைவிட வலுவான காரணம், வீட்டுக்கடன் எளிதில் கிடைக்காததுதான். சேமிப்பு சேரச் சேர ஒவ்வொரு தளமாக ஏற்றுகிறார்கள்.

கம்பியை விட்டுவைப்பதானால் விட்டத்தின் 40 முதல் 50 மடங்கு நீளம் வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு 65 முதல் 80 செ.மீ. சிமென்ட் பால் பூசினால் சில மாதம்தான் தாங்கும். பிறகு உடைத்தெடுக்கும்படி மெலிந்த காங்கிரீட்டால் மூடுவது நல்லது. மேலே கட்டுமுன் துருவைத் தேய்த்து விட்டத்தை அளந்து பாருங்கள். மடக்கி வைத்த கம்பியை நிமிர்த்தினால் வளைவில் விரிசல் விடும். அஸ்திவாரம் எத்தனை தளத்துக்குப் போட்டது என்ற வரைபடம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி நாடாளுமன்றம் கட்டினால் ஆட்சி வெளிப்படையாகுமா?

பதில்: கண்ணாடி துடைக்கும் செலவு நிச்சயமாகக் கூடும்.

கேள்வி: துருக்கியில் நில அதிர்வு விதிகள் இருந்தும் ஏன் அவ்வளவு வீடுகள் விழுந்தன?

பதில்: 1999-இன் பெரிய நில அதிர்வுக்குப் பின் விதிகள் நன்றாகவே இறுகின. ஆனால் 2018-இல், தேர்தலுக்கு முன், அனுமதியில்லாத கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமன்னிப்பு தந்தார்கள். வீட்டுக்காரரின் உறுதிமொழியே போதும், பொறியாளர் சோதனை கட்டாயமில்லை. 2023 பிப்ரவரி 6 அன்று நிலம் அதிர்ந்தது. துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மன்னிப்புப் பெறாத கட்டடங்களும் விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும், மேற்பார்வையும் தளர்ந்திருந்தது.

இத்தகைய அதிர்வில் அதிகம் மடிவது, கடைக்காகத் திறந்துவிட்ட கீழ்த்தளம். மேலே சுவர்கள் விறைப்பாக இருக்கும், கீழே வெறும் தூண்கள், அசைவு முழுவதும் அங்கே குவியும். இடம் போதவில்லை என்று ஒரு தூணை வெட்டிவிட்டால் சொல்லவே வேண்டாம். தூணின் வளையக்கம்பியையும் பாருங்கள். முனையை 90 பாகையில் மடக்கியிருந்தால் மேல்பூச்சுக் காங்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும். 135 பாகை மடக்கி உள்ளே செருகியிருக்க வேண்டும், தூணின் இரு முனைகளிலும் சுமார் 10 செ.மீ. இடைவெளியில். காங்கிரீட் போட்ட பிறகு இது கண்ணுக்குத் தெரியாது, அதனால் போடுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள்.