ஆயிரம் ரூபாய்க்குள் காலத்துக்கும் உழைக்கும் ஃப்ரை பேன் வாங்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: வீட்டில் இரண்டு பேர், கேஸ் அடுப்பு, தினமும் ஆம்லெட்டோ பொரியலோ, வாரம் இரண்டு நாள் மீன். இரண்டு வருடத்தில் மூன்று நான்ஸ்டிக் பேன் உரிந்துபோய்விட்டது. கையில் ஆயிரம் ரூபாய், இனி வாங்குவதாவது நிலைக்க வேண்டும்.

முடியும். வார்ப்பிரும்பில் 24 சென்டிமீட்டர் பேன் ஒன்று வாங்குங்கள். பதில் அவ்வளவுதான். அதைக் கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது, வாங்கிய முதல் மாதம் அதன் மேல் எரிச்சல் வராமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் மீதிக் கதை.

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்ன பவுண்டரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். நாங்கள் வார்த்ததெல்லாம் பம்ப் பாடியும் மோட்டார் பாடியும்தான், சமையல் பாத்திரம் இல்லை. ஆனால் எப்போதாவது கடைசி ஊற்றில் இரும்பு மிச்சமானால், மோல்டிங் ஆட்கள் ஓனரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒரு பணியாரக்கல் ஊற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் அம்மா இன்றைக்கும் பணியாரம் சுடுவது அப்படி வந்த கல்லில்தான். அதனால் நான் சொல்வதில் இரும்பு பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் நம்பும் ஒரு விஷயம் தவறு. "இரும்பு சூட்டைச் சமமாகப் பரப்பும்" என்பார்கள். பரப்பாது. சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு அலுமினியத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கனமாக இருப்பதால் உள்வாங்கிய சூட்டை லேசில் விடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஈர மீனை மெல்லிய பேனில் போட்டால் பேன் உடனே குளிர்ந்துபோகும், மீன் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வெந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிலோ இரும்பு அப்படி அசைந்து கொடுக்காது. ஆனால் அந்தச் சூடு பேன் முழுக்க நிறைவதற்கு நாம் நேரம் கொடுக்க வேண்டும். அடுப்பைச் சிறியதாக வைத்து ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் தீயைத் தூக்கி வைப்பவர்கள்தான் "நடுவில் கருகுது, ஓரத்தில் வேகல" என்று இரும்பைத் திட்டுகிறார்கள்.

சரி, கடைக்குப் போகலாம். ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் பேனைக் கையால் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது. பாத்திரக்கடையில் தராசு இருக்கும், நிறுக்கச் சொல்லுங்கள். 24 சென்டிமீட்டர் பேன் இரண்டு கிலோவை ஒட்டி வர வேண்டும். ஒன்றரைக்கும் கீழே போனால் தகடு மெலிந்தது என்று அர்த்தம், அதில் அலுமினியத்தின் வேகமும் இருக்காது, இரும்பின் நிதானமும் இருக்காது. மூன்று கிலோ என்றால் பேன் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் ஒரு கையால் தூக்கிக் கவிழ்க்க முடியாமல் இரண்டாவது வாரமே பரணுக்குப் போய்விடும். லேபிளில் போட்டிருக்கும் அளவு மேல் வாயின் அகலம், அடியின் அகலம் இல்லை. சரிவான பேன் என்றால் 24 என்று எழுதியிருந்தாலும் மீன் துண்டு படுக்கும் இடம் 17, 18தான் இருக்கும். நான்கு துண்டு மீன் ஒரே நேரத்தில் போட வேண்டுமென்றால் அடியைத்தான் அளக்க வேண்டும்.

அப்புறம் பேனைக் காதுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். டங் என்று இழுத்துக் கேட்டால் சரி. டொக் என்று செத்த சத்தம் வந்தால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பவுண்டரியில் நாங்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கண்ணாடி மேஜையில் வைத்து ஓரங்களை அமுக்கிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். உள்பக்கம் மணல் மணலாகச் சொரசொரப்பு இருப்பது குறை இல்லை, அது மணல் அச்சில் வார்த்ததன் அடையாளம், புழங்கப் புழங்கச் சரியாகிவிடும். ஆனால் ஊசி குத்தியது போல ஓட்டைகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உருக்கிய இரும்பில் வாயு மாட்டிக்கொண்டால் அப்படி வரும், நாங்கள் புளோ ஹோல் என்போம். அதை மக்கு வைத்து அடைத்துக் கறுப்புப் பூச்சு அடிக்கும் வேலை எனக்குத் தெரியும், பம்ப் பாடியில் நானே செய்திருக்கிறேன். சாப்பிடும் பாத்திரத்தில் அது கூடாது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பெயிண்ட் மணம் வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் மணம் வந்தால் பரவாயில்லை, துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருப்பார்கள்.

பெரிய பெயர் இல்லாத, உள்ளூர் பட்டறை வார்ப்பு எடுத்தால் போதும். நான் கடைசியாகத் தங்கைக்கு வாங்கியது 850 ரூபாய். வாங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணையும் அம்மா வீட்டுப் பரணையும் ஒரு தடவை தேடிவிடுங்கள், துருப்பிடித்த பழைய சட்டி கிடைத்தால் செலவே இல்லை. துரு என்பது மேல்தோல்தான், தேய்த்தால் போய்விடும். ஆனால் பழைய இரும்புக் கடையில் ஊர் பேர் தெரியாத சட்டியை எடுக்க வேண்டாம். ஈயம் உருக்கப் பயன்பட்டதா என்பது பார்த்தால் தெரியாது.

உங்கள் மூன்று நான்ஸ்டிக்கும் ஏன் போனது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூச்சு, அதாவது டெஃப்லான், 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்பவர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் பெருமை. எதுவும் ஒட்டாத பொருள் பேனில் மட்டும் எப்படி ஒட்டும்? 1950களில் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்பவர் அலுமினியத்தின் மேற்பரப்பைப் பொடிப்பொடியாக அரித்துவிட்டு, அந்தக் குழிகளில் பூச்சைப் பிடிக்க வைத்த பிறகுதான் சமையலறைக்கே வந்தது. ஆக அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, பற்றிக்கொண்டிருக்கிறது. கரண்டி கீறியோ அதிகச் சூட்டிலோ ஓர் இடத்தில் பிடி விட்டால் அங்கிருந்து உரிய ஆரம்பித்துவிடும். 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு கெடத் தொடங்கும். காலிப் பேனைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், நறுக்கி முடிப்பதற்குள் அந்தச் சூடு வந்துவிடும். அளவு மீறிக் காய்ந்த பேனின் புகையில் கூண்டுப் பறவைகள் செத்துப்போகும். வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கிரானைட், மார்பிள் என்று புள்ளி புள்ளியாக வருவதெல்லாம் அலுமினியத்தின் மேல் அடித்த பூச்சுதான், கல் என்று நினைத்து ஏமாற வேண்டாம். 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று பெரிதாக எழுதியிருப்பதற்காகவும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது பூச்சு தயாரிக்கும்போது சேர்த்த ஒரு ரசாயனம், பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் கைவிட்டுவிட்டன. பூச்சு என்னவோ அதே குடும்பத்துப் பூச்சுதான். முட்டைக்கு மட்டும் நான்ஸ்டிக் இல்லாமல் முடியாது என்றால் 20 சென்டிமீட்டரில் ஒன்று, இருப்பதிலேயே மலிவாக வாங்கி, தேய்ந்ததும் தூக்கிப் போடுங்கள். அதில் தரம் தேடிப் பணம் போடுவது வீண்.

எவர்சில்வர் பற்றி ஒரு வரி: ஒற்றைத் தகட்டில் வறுக்கவே முடியாது, திட்டுத்திட்டாகக் கருகும். நடுவில் அலுமினியம் வைத்த டிரைப்ளை அருமையானது, ஆனால் நல்லதாக எடுத்தால் உங்கள் ஆயிரத்துக்குள் அடங்காது.

வாங்கி வந்த இரும்பைப் பழக்கும் விஷயத்துக்கு வருவோம். அம்மா முறை, மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியில் ஊறப் போட்டு, தினமும் கழுவி, கடைசியில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது. எண்ணெய் மணமும் மணலும் போக அது நல்ல வழி. ஆனால் ஒட்டாத அந்தக் கறுப்புத் தோல் கஞ்சியால் வருவதில்லை, சூட்டில் எண்ணெய் இறுகி வார்னிஷ் மாதிரி படிவதால் வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் ஒரு ஸ்பூன் எடுத்து முழுக்கத் தடவுங்கள். பிறகு, தப்பாக எண்ணெய் தடவிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு காய்ந்த துணியால் முழுவதும் துடைத்து எடுங்கள். துடைத்த பிறகும் ஒட்டியிருப்பதுதான் தேவையான அளவு. புகை வந்து அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி. நான்கு தடவை. நிறைய எண்ணெய் விட்டால் பிசுபிசுவென்று கோந்து மாதிரி நின்றுவிடும், பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்யும் தப்பு அதுதான். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் இதற்கு அது ஆகாது, எளிதில் இறுகாது.

"ஏஞ்சாமி, புது மருமக மாதிரி அதுக்கும் நாலு மாசம் ஆகும், திட்டாத" என்பார் அம்மா. உண்மைதான். முதல் மாதம் முட்டை போடாதீர்கள். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வெங்காய வதக்கல் என்று எண்ணெய் தாராளமாகப் போகும் வேலையாகக் கொடுங்கள். புளியும் தக்காளியும் அதில் கொதிக்கக் கூடாது, தோல் உரிந்து குழம்பு கறுத்துவிடும், இரும்பு வாடையும் அடிக்கும். உடம்பில் இரும்புச்சத்து கூடிப்போகும் நோய் யாருக்காவது இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். மற்றபடி லேசாகச் சோப்புப் போட்டுக் கழுவலாம், ஒன்றும் ஆகாது. ஊற மட்டும் வைக்காதீர்கள். கழுவி, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் துடைத்து வையுங்கள்.

சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. பதினோரு வருடம் பவுண்டரியில் இருந்த நானே ஒருநாள் அவசரத்தில் குழாயடியில் நீட்டினேன். பட்டென்று ஒரு சத்தம், விளிம்பிலிருந்து நடுவரை கோடு விழுந்துவிட்டது. வார்ப்பிரும்பு வளையாது, உடையத்தான் செய்யும். அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கோட்டைக் காட்டினார்.

மீனுக்கு: பேனை ஐந்து நிமிடம் சின்னத் தீயில் காயவிட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு அப்படியே கிடந்து கொதித்தால் இன்னும் சூடு போதவில்லை. பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் எண்ணெய் விட்டு, மசாலா தடவிய மீனை ஈரம் ஒற்றி எடுத்துப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடம் கரண்டியைக் கையிலேயே எடுக்காதீர்கள். அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானாகவே கல்லை விட்டுவிடும், அப்போது திருப்பினால் போதும்.