முப்பது மில்லி எங்கிருந்து வந்தது?

கேள்வி: செங்குன்றம் பக்கத்தில் 60 சென்டில் வெண்டை போட்டிருக்கிறேன். 35 நாள் பயிர். இலை மஞ்சளாகிறது. செல்போனில் தேடினால் மூன்று இணையப் பக்கங்கள் ஒரே மாதிரி 'இரும்புச் சத்துக் குறைவு' என்கின்றன, படமும் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பூச்சி என்று சொல்லி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி அடிக்கச் சொன்னது. காலை 11 மணிக்கு அடித்தேன். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இதெல்லாம் ஏஐ எழுதுவது என்கிறார் மருந்துக் கடைக்காரர். எதைத்தான் நம்புவது? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, முதலில் கருகலைக் கவனிப்போம். ஒரு வாரத்துக்கு எந்த மருந்தும், எந்த நுண்ணூட்டமும் இலைமேல் படக் கூடாது. தண்ணீர் மட்டும் காயாமல் கொடுங்கள். கருகிய இலையைக் கிள்ள வேண்டாம், பாதிப் பச்சை இருந்தாலும் அது செடிக்குச் சோறு போடும். குருத்து பச்சையாக இருந்தால் பயமில்லை, புது இலை சுத்தமாக வரும்.

அந்த 30 மில்லி ஒன்றும் வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. லிட்டருக்கு 3 மில்லி என்பதுதான் நம்மிடம் பழக்கத்தில் உள்ள அளவு. 10 லிட்டர் டேங்குக்குப் பெருக்கினால் 30. டேங்குக்கு என்று எங்கோ இருந்தது, எழுதும் இயந்திரத்தில் லிட்டருக்கு என்று மாறியிருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கத் தோட்டக்காரர்கள் ஒரு கேலனுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்பார்கள். இரண்டு மேசைக்கரண்டி 30 மில்லி, அவர்கள் கேலன் 3.8 லிட்டர். அப்படிப் பார்த்தாலும் லிட்டருக்கு 8 மில்லிதான் வருகிறது. கேலனை லிட்டர் என்று மாற்றிவிட்டால் எண் அப்படியே நிற்கும், செடிதான் நிற்காது. எந்த வழியில் வந்தாலும் உங்கள் வெண்டைக்குப் பத்து மடங்கு எண்ணெய் போயிருக்கிறது, அதுவும் உச்சி வெயிலில்.

எண்ணெய் கலக்கும் விதமும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பக்கங்கள் இதைச் சொல்வதே இல்லை. எண்ணெயில் முதலில் காதி சோப்புக் கரைசலையோ ஒட்டும் திரவத்தையோ விட்டு நன்றாக அடித்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பால் மாதிரி வெளுத்தால் சரி. மேலே எண்ணெய் மினுமினுப்பு மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் டேங்கின் கடைசியில் வருவதில்தான் எண்ணெய் அதிகம் இருக்கும், அது விழுகிற வரிசை மட்டும் தனியாகக் கருகும். மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள். 16 லிட்டர் டேங்காக இருந்தால் 48 மில்லி.

இனி மஞ்சள். உங்கள் படத்தில் நுனியிலிருந்து மூன்றாவது இலை தெளிவாக இருக்கிறது. நரம்பு மஞ்சள், நரம்புகளுக்கு நடுவே பச்சை, வலை பின்னினது மாதிரி. இது மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய், பரப்புவது வெள்ளை ஈ. இரும்புக் குறைவென்றால் தலைகீழாக இருக்கும்: நரம்பு பச்சையாக நிற்கும், நடுப்பகுதி வெளுக்கும், அதுவும் இளம் இலையில்தான் முதலில் தெரியும். தத்துப்பூச்சி என்றால் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு மஞ்சளாகிப் பிறகு சிவக்கும். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் வெண்டையில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் தெளிப்பது இரும்புக் குறைவுக்குச் சரியான வைத்தியம். வைரஸுக்கு அது தண்ணீருக்குச் சமம்.

மூன்று பக்கங்களும் ஒரே மாதிரி சொன்னதை மூன்று சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். அங்கேதான் வழுக்கல். அந்தப் பக்கங்களை எழுதும் ஏஐ உங்கள் இலையைப் பார்ப்பதில்லை. 'இலை மஞ்சள்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் உலகமெங்கும் அதிகம் எழுதப்பட்ட சொற்கள் எவையோ அவற்றைக் கோக்கிறது. அதை ஒருவர் தன் பக்கத்தில் போட, மற்ற இரண்டு பேர் நாலு வார்த்தை மாற்றிப் போடுவார்கள். ஒரே வாயிலிருந்து வந்த பேச்சு மூன்று திண்ணையில் கேட்கிறது. விளம்பரக் காசுக்காக நாளுக்கு நூறு பக்கம் இப்படித் தள்ள முடியும். இங்கிலீஷில் இந்தக் குப்பைக்கு 'ஸ்லாப்' என்று பெயர், பன்றிக்கு ஊற்றும் கழுநீரைக் குறிக்கும் சொல். நம் வீட்டுக் கழுநீரைக் குடித்த மாடாவது பால் கறக்கும்.

வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து, அதைப் போட்டு, அதிலிருந்தும் விதை எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று மொழி இயந்திரத்திலும் அப்படியே ஆவதைக் காட்டியது: அது எழுதியதையே அதற்கு மறுபடி மறுபடி பாடமாகக் கொடுத்தால், முதலில் அரிதான செய்திகள் காணாமல் போகின்றன, கடைசியில் மொத்தமும் உளறலாகிறது. திருவள்ளூர் மண்ணும் சித்திரை வெயிலும் உலக இணையத்தில் அரிதான செய்திதான். அதனால்தான் நம்மூர்க்காரருக்குத் தமிழிலேயே 'கடைசி உறைபனி முடிந்ததும் விதையுங்கள்' என்று எழுதி வைக்கிறது. சென்னையில் உறைபனிக்குக் காத்திருந்தால் விதை பையிலேயே மக்கிவிடும்.

அந்தப் பக்கங்களில் போட்டிருக்கும் படத்தையும் நம்ப வேண்டாம். வெண்டைக்காய் செடியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஏஐ வரைந்த படங்களில் அவரை மாதிரித் தொங்கலாம். வெண்டை இலையில் பெரிய நரம்புகள் காம்பு சேருமிடத்திலிருந்து விரல் விரித்தாற்போல் பிரியும். கொய்யா இலை போல நடு நரம்பின் இரு பக்கமும் வரிசையாகக் கிளைத்தால் அது வெண்டை இலையே அல்ல.

அதற்காக ஏஐயைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். நோயின் பெயரைக் கேளுங்கள், எந்தெந்த அறிகுறியை வைத்துப் பிரிப்பது என்று கேளுங்கள். ஆனால் 'இது இரும்புக் குறைவா?' என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் தலையாட்டும். நாள், எத்தனையாவது இலை, நரம்பின் நிறம், அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்லி விடையை அதனிடம் விடுங்கள். மருந்தின் எண்ணை மட்டும் அதனிடமிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

எண் இருக்கும் இடம் டப்பாவின் லேபிளும் உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளும். அதில் பயிரின் பெயர் இருக்க வேண்டும். வெண்டை இல்லையென்றால் அந்த மருந்து வெண்டைக்கு இல்லை. அடுத்து எக்டரா ஏக்கரா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற பூச்சிமருந்து வெண்டைக்கு எக்டருக்கு 100 மில்லி. உங்கள் 60 சென்டுக்கு 24 மில்லிதான் வரும். அதே 100ஐ ஏக்கருக்கு என்று படித்தால் 60 மில்லி ஊற்றுவீர்கள். பெயருக்குப் பின்னால் மருந்தின் வீரியத்தைச் சொல்லும் 17.8, 70 போன்ற எண்ணும் முக்கியம். ஒன்றின் அளவு மற்றதற்கு ஆகாது. மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கும். கோயம்பேட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய் அனுப்புகிறவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1800-180-1551 கிசான் கால் சென்டர், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நோய்ச் செடி ஒன்றை வேரோடு ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனால் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்வார்கள்.

வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. விடிகாலையில், வெள்ளை ஈ மந்தமாக இருக்கும்போது, செடிமேல் சாக்கைக் கவிழ்த்து மூடிப் பிடுங்கிப் புதையுங்கள். வரப்பில் போட்டால் ஈ பக்கத்துச் செடிக்கு மாறும். வரப்புக் களையையும் எடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி எக்டருக்கு 12 என்பது கணக்கு. உங்களுக்கு மூன்று போதும், செடி உயரத்துக்குக் கட்டி, செடி வளர வளர ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்து, கருகல் நின்றதும், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம்: 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி 10 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். ஈ உட்கார்வது அடியில்தான், மேலே அடித்தால் இலைதான் குளிக்கும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. வயலில் ஐந்து இடத்தில் 20 செடி வீதம் 100 செடியைப் பார்த்து, எத்தனையில் நரம்பு மஞ்சள் என்று எழுதி அனுப்புங்கள். பத்துப் பதினைந்து என்றால் நோய்ச் செடிகளை மட்டும் பிடுங்கிவிட்டுப் பயிரைத் தொடரலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் இந்தப் பயிரில் இனிக் காசு போடாதீர்கள். மடக்கி உழுது முளைக்கீரை விதையுங்கள், 25 நாளில் சந்தைக்கு வந்துவிடும். கத்தரி, தக்காளி இப்போது வேண்டாம், அதே ஈ அங்கேயும் உட்காரும்.