டைமிங் பெல்ட்டை எப்போது, எப்படி மாற்ற வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் காருக்கு எட்டு வயதாகிறது. ஆனால் இதுவரை 55,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்றினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கும் பெல்ட் புதிதுபோலவே இருப்பதாகச் சொல்கிறார். இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம் என்றே சொல்வேன். இன்ஜினின் பிஸ்டன்களும் வால்வுகளும் ஒரே ஒழுங்கில் அசையும்படி இணைத்து ஓட்டும் பல் வைத்த பட்டைதான் டைமிங் பெல்ட். முதலில் உங்கள் காருடன் வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். டைமிங் பெல்ட்டுக்கு எதிரே பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கிலோமீட்டர், மற்றொன்று ஆண்டு. இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. சில பழைய இன்ஜின்களுக்கு அது 60,000 கிலோமீட்டராகவும், பலவற்றுக்கு 1,00,000 கிலோமீட்டரை ஒட்டியும், புதிய வடிவமைப்புகளில் 1,60,000 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கும். ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வரை மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு இன்ஜின்களுக்கே வெவ்வேறு கெடு இருப்பதால், நண்பரின் காருக்குரிய எண்ணை உங்கள் காருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

கார் அதிகம் ஓடவில்லையே என்று நீங்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் பெல்ட்டின் உடல் செயற்கை ரப்பரால் ஆனது. இழுவிசையைத் தாங்குவதற்காக அதனுள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன, பற்களின் மேல் நைலான் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. ரப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் மெல்ல இறுகி நெகிழ்ச்சியை இழப்பது, கார் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்போதும் நடந்துகொண்டேயிருக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நெரிசலில் அசையாமல் நிற்கும் நேரத்திலும் இன்ஜின் சுற்றுகிறது, பெல்ட்டும் சுற்றுகிறது. ஓடோமீட்டர் அந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நகரத்துக்குள் குறைந்த தூரம் ஓடிய காரின் பெல்ட், நெடுஞ்சாலையில் அதே தூரம் ஓடிய காரின் பெல்ட்டைவிட அதிகம் உழைத்திருக்கும்.

மெக்கானிக் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெடிப்பு, விளிம்பில் நூல் பிரிதல், பல் உதிர்தல், முதுகுப்பக்கம் கண்ணாடிபோல மினுங்குதல், எண்ணெய்க் கசிவில் ஊறியிருத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், கெடு எவ்வளவு மீதமிருந்தாலும், பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். ஆனால் இவை எதுவும் தெரியாததால் மட்டும் பெல்ட் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. பழைய காலத்து ரப்பரில் தேய்மானம் வெடிப்பாக வெளியே தெரிந்தது. இப்போதைய உயர்தர ரப்பர் கடைசிவரை பளிச்சென்று இருக்கும். தளர்வதோ உள்ளே இருக்கும் இழைகளும் பற்களின் வேர்களும். எனவே உங்கள் கையேடு ஆண்டுக் கெடு தந்திருந்து அது கடந்திருந்தால், உடனே மாற்றுங்கள்.

கேள்வி: பெல்ட் அறுந்தால் இன்ஜின் முழுவதும் பாழாகிவிடும் என்கிறார்கள். வண்டி நின்றுபோகும், வேறொன்றும் ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மையே. எது நடக்கும் என்பதை இன்ஜினின் வடிவமைப்பே தீர்மானிக்கிறது. பிஸ்டன்களின் அசைவால் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகளைத் திறக்கும் வேலையைக் கேம் ஷாஃப்ட் செய்கிறது. நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால்தான் கேம் பற்சக்கரத்தில் கிராங்க் பற்சக்கரத்தைப்போல இருமடங்கு பற்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த ஒழுங்கைப் பிசகாமல் காப்பது பல் வைத்த அந்த ஒற்றைப் பட்டைதான். ஜெர்மனியில் தயாராகி 1962இல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 காரில்தான் இத்தகைய பெல்ட் முதன்முதலாகப் பயணிகள் காரில் இடம்பெற்றது. சத்தமும் எடையும் குறைவு, எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை என்பதால் பிறகு அது உலகெங்கும் பரவியது.

பெல்ட் அறுந்தவுடன் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே உறைந்துவிடும். கிராங்க்கோ வேகத்தின் உந்துதலால் மேலும் சில சுற்றுகள் சுற்றும். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமும் திறந்த வால்வு தொங்கும் இடமும் ஒன்றாக இருக்கும் இன்ஜின்களில் இரண்டும் மோதும். வால்வுகள் வளையும், சில நேரங்களில் வால்வுத் தலை ஒடிந்து பிஸ்டனைத் துளைத்துவிடும், வால்வுகள் அமைந்த மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய வழியிருக்காது. இரண்டுக்கும் இடையே போதிய இடைவெளி உள்ள இன்ஜின்கள் வெறுமனே நின்றுபோகும். புதிய பெல்ட் போட்டால் பெரும்பாலும் மீண்டும் ஓடும். அழுத்த விகிதம் அதிகமான டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவையும், இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் பலவும் மோதும் வகையைச் சேர்ந்தவை. இதில் என்னைக் கவலைகொள்ள வைப்பது ஒன்று உண்டு. பெரும்பாலான பெல்ட்டுகள் எந்த எச்சரிக்கையும் தராமல்தான் அறுகின்றன. சத்தம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் வராமலே போகலாம்.

கேள்வி: பெல்ட் மட்டும் மாற்றச் சொன்னால், டென்ஷனர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப், ஆயில் சீல் என்று ஒர்க்ஷாப்பில் பட்டியலை நீட்டுகிறார்கள். இவை தேவைதானா?

பதில்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அதற்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரும் கட்டாயம் தேவை. பெல்ட் ஓடிய தூரமெல்லாம் அவற்றின் பேரிங்குகளும் சுழன்றிருக்கின்றன; உள்ளிருக்கும் கிரீஸ் வற்றியிருக்கும். பழைய பேரிங் இறுகிப்போனால் புதிய பெல்ட்டே அறுந்துவிடும். வாட்டர் பம்ப்பைப் பொறுத்தவரை உங்கள் இன்ஜினில் அது எந்தப் பெல்ட்டால் ஓடுகிறது என்று கேளுங்கள். டைமிங் பெல்ட்டால் ஓடுகிறது என்றால் மாற்றிவிடுவதே நல்லது. பம்ப் பின்னாளில் கசிந்தால் இதே பாகங்களையெல்லாம் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும் என்பதோடு, கசியும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பெல்ட்டையும் கெடுக்கும். பம்ப் வெளியே தனிப் பெல்ட்டில் ஓடினால், கசிவோ ஆட்டமோ இல்லாத நிலையில் அதை விட்டுவிடலாம். கேம், கிராங்க் ஆகியவற்றின் முன்பக்கத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் மாற்றுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி மென்மையாகிவிடும் என்பதால் கசியும் சீலுக்கு முன்னால் புதிய பெல்ட்டைப் போடுவதில் பயனில்லை. இந்த வேலையில் பெரும்பகுதி உழைப்பு பெல்ட் இருக்கும் இடத்தைச் சென்றடைவதற்கே செலவாகிறது. ஆகவே உள்ளே சென்றிருக்கும்போதே தேய்ந்தவற்றையெல்லாம் மாற்றிவிடுவதைத்தான் நான் நேர்மையான யோசனையாகக் கருதுகிறேன்.

கேள்வி: ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது போன்றவற்றை நானே செய்துகொள்கிறேன். டைமிங் பெல்ட்டையும் நானே மாற்றலாமா? செய்முறையை விளக்குவீர்களா?

பதில்: உங்கள் இன்ஜினுக்குரிய ஒர்க்ஷாப் கையேடு, போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கேமையும் கிராங்க்கையும் அசையாமல் பிடித்து வைக்க அந்த இன்ஜினுக்கென்று உள்ள பூட்டுக் கருவிகள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், பொறுமையுள்ளவரால் முடியும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இறங்க வேண்டாம். குறிப்பாக, கேம் அல்லது கிராங்க் பற்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டான சாவி (கீ) இல்லாமல், போல்ட்டின் இறுக்கத்தை மட்டுமே நம்பியிருக்கும் இன்ஜின்கள் உண்டு. அவற்றில் பூட்டுக் கருவி இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினாலே ஒழுங்கு குலைந்துவிடும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி ஆகியவற்றை ஓட்டும் வெளிப்பெல்ட்டுகளை எடுத்தபின், பல கார்களில் இன்ஜின் மவுன்ட் ஒன்றைக் கழற்ற நேரும். அப்போது இன்ஜினின் எடையை, அதன் அடிப்பகுதிக்கும் ஜாக்கிக்கும் நடுவே மரக்கட்டை வைத்துத் தாங்க வேண்டும். கிராங்க் புல்லியின் போல்ட் மிகுந்த இறுக்கத்தில் இருக்கும். அதைத் தளர்த்த, புல்லியைப் பிடிப்பதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்துங்கள். டைமிங் பூட்டு ஊசிகளைச் செருகி அவற்றின் பலத்தில் போல்ட்டைத் திருப்பினால் ஊசி ஒடியும், அல்லது கேம் ஷாஃப்ட் சேதமாகும்.

மூடிகளைக் கழற்றியதும், கிராங்க்கை அதன் இயல்பான சுழற்சித் திசையில் மட்டும் ரெஞ்ச்சால் மெல்லத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்த வீச்சின் (வால்வுகள் மூடியிருக்க பிஸ்டன் மேலேறும் வீச்சின்) உச்சியில் நிற்கும்படி செய்யுங்கள். கிராங்க் பற்சக்கரத்திலும் கேம் பற்சக்கரங்களிலும் உள்ள குறிகள், இன்ஜினின் உடலில் உள்ள குறிகளுக்கு நேராக வர வேண்டும். பழைய பெல்ட் இருக்கும்போதே ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். பெல்ட் இல்லாத நேரத்தில் கேமையோ கிராங்க்கையோ தனியாகத் திருப்பவே கூடாது. இரட்டைக் கேம் இன்ஜின்களில் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் தானாகவே துள்ளித் திரும்புவதுண்டு. பூட்டுக் கருவி அவசியமாவது இதற்காகத்தான்.

புதிய பெல்ட்டைப் பழையதன் பக்கத்தில் வைத்து அகலத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அதை மடக்கவோ, முறுக்கவோ, உட்புறத்தை வெளியே திருப்பவோ கூடாது, ஏனெனில் உள்ளிருக்கும் கண்ணாடி இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒடிந்துவிடும். அதே காரணத்தால் ஸ்குரூடிரைவரால் நெம்பியும் ஏற்றக் கூடாது. கிராங்க்கிலிருந்து தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தளர்வில்லாமல் இருக்கும்படி கேம் சக்கரங்களின் மேல் ஏற்றி, தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கத்தில் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டென்ஷனரைக் கையேடு சொல்லும் முறையிலேயே இறுக்குங்கள். கட்டைவிரலால் அழுத்தி உத்தேசமாக முடிவு செய்யும் பழைய வழக்கம் இன்றைய டென்ஷனர்களுக்குப் பொருந்தாது. ஒருமுறைக்கு மட்டுமே என்று குறிப்பிடப்பட்ட போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும்.

இதன் பிறகு வருவதை யார் அவசரப்படுத்தினாலும் விட்டுவிடாதீர்கள். பூட்டுக் கருவிகளை எடுத்துவிட்டு, கிராங்க்கை ரெஞ்ச்சால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுகள் திருப்புங்கள். கிராங்க்கின் இரண்டு சுற்றுகள்தான் கேமின் ஒரு சுற்று என்பதால், அப்போதுதான் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். நடுவில் கடினமாகத் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடமாக இருக்கலாம், பலம் கொடுத்தால் வளைந்துவிடும். இரண்டு சுற்று முடிந்ததும் குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட்டின் மேலேயே அச்சிட்ட கோடுகள் இருந்தால் அவை இப்போது பொருந்தாது. அவை ஏற்றும்போது மட்டும் உதவுபவை. பற்சக்கரக் குறிகளையே நம்புங்கள். ஒரு பல் தவறியிருந்தாலும் பெல்ட்டைக் கழற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டரைத் தொடலாம். வாட்டர் பம்ப் மாற்றியிருந்தால், உரிய வகைக் கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

பதில்: மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். விற்றவரின் வாய்ச்சொல் மட்டும் போதாது; ரசீதோ, இன்ஜின் அறையில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டிய தாளோ இருந்தால் ஏற்கலாம். அதற்கு முன், இன்ஜினில் உள்ளது பெல்ட்டா, அதே வேலையைச் செய்யும் உலோகச் செயினா என்று இன்ஜின் குறியீட்டை வைத்து உறுதிசெய்யுங்கள். செயினுக்குப் பொதுவாகக் கெடு கிடையாது. சரியான ஆயிலைத் தவறாமல் மாற்றி, காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது கலகல என்ற ஒலி எழுகிறதா என்று கவனித்தால் போதும்.

கேள்வி: என் காரில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறதாம். இதற்குத் தனிக் கவனிப்பு உண்டா?

பதில்: உண்டு. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டின் முந்தைய பதிப்புகள் போன்ற சில இன்ஜின்களில் ஆயிலில் நனைந்தபடி ஓடும் பெல்ட் இருக்கிறது. இதன் ரப்பர் அந்த ஆயிலைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டது என்பதால், கையேடு குறிப்பிடும் தர எண் கொண்ட ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. தவறான ஆயிலாலும், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதாலும் பெல்ட் உப்பி உதிர்கிறது. அந்தத் துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால், பெல்ட் அறுவதற்கு முன்பே இன்ஜினுக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

கேள்வி: சென்ற வாரம் டைமிங் பெல்ட் மாற்றினேன். அதிலிருந்து வண்டியில் இழுவை குறைவாக இருக்கிறது, இன்ஜின் விளக்கும் எரிகிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். பெல்ட் ஒரு பல் தள்ளி ஏறியிருந்தால் இப்படித்தான் இழுவை குறையும், ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும். ஸ்கேனரில் பி0016 போன்ற, கேமும் கிராங்க்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் குறியீடு வந்தால் ஐயம் மேலும் வலுப்படும். சென்சாரின் இணைப்பு சரியாகச் செருகப்படாமல் இருப்பதும் காரணமாகலாம். அது எளிது என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வேகத்துடன் ஏறும் ஊளைச் சத்தமும் கேட்டால் பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம், மூடியில் அடிபடும் சத்தம் கேட்டால் தளர்ந்திருக்கலாம். வேலை செய்த இடத்துக்கே காரை இழுவை வண்டியில் அனுப்பி, மூடியைத் திறந்து, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பிக் குறிகளை உங்கள் கண்முன் காட்டும்படி கேளுங்கள். குறிகள் பிசகியிருந்தால், பெல்ட்டை மறுபடி ஏற்றிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதித்து, வால்வு எதுவும் வளையவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு காரை எடுங்கள்.