எம்ஜியா, எம்சிஜியா? எடை அளவுகள் பற்றிய கேள்வி பதில்

நான் மருந்தாளுநர். அதனால் மருந்து பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை இதுவரை 50 எம்சிஜி. புது டாக்டர் 0.05 எம்ஜி என்று எழுதியிருக்கிறார். டோஸைக் குறைத்துவிட்டாரா?

பதில்: இல்லை, இரண்டும் ஒன்றுதான். எம்ஜி என்பது மில்லிகிராம், எம்சிஜி என்பது மைக்ரோகிராம். 1 கிராமுக்கு 1000 மில்லிகிராம், 1 மில்லிகிராமுக்கு 1000 மைக்ரோகிராம். 0.05-ஐ 1000-ஆல் பெருக்கினால் 50 வந்துவிடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். அப்புறம், நோட்டில் குறித்து வைக்கும்போது வெறும் .5 என்று எழுதாதீர்கள், 0.5 என்றே எழுதுங்கள். புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 5 ஆகிவிடும், பத்து மடங்கு!

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் 125 எம்ஜி கொடுக்கச் சொன்னார். அது எத்தனை எம்எல்?

பதில்: பாட்டிலைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. எம்ஜி எடை, எம்எல் கொள்ளளவு. இரண்டையும் இணைப்பது லேபிள்தான். 5 எம்எல்லில் 125 எம்ஜி என்று இருந்தால் 5 எம்எல் கொடுக்க வேண்டும். 5 எம்எல்லில் 250 என்றால் 2.5 எம்எல் போதும். சொட்டு மருந்தில்தான் மிகவும் கவனம் தேவை. அதில் 1 எம்எல்லிலேயே 100 எம்ஜி இருக்கலாம், அப்போது 1.25 எம்எல்தான். அதை சிரப் என்று நினைத்து 5 எம்எல் கொடுத்தால் 500 எம்ஜி உள்ளே போய்விடும். அது பெரியவர்கள் போடும் ஒரு மாத்திரையின் அளவு! சமையல் ஸ்பூனில் ஊற்றாதீர்கள், அளவு கப்போ ஊசி இல்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வந்து கேளுங்கள், கூச்சப்படவே வேண்டாம்.

கேள்வி: மோதிரத்தின் மொத்த எடை 4.260 கிராம், வைரம் 0.30 காரட். தங்கம் எவ்வளவு?

பதில்: 1 காரட் 200 மில்லிகிராம். அப்படியென்றால் கல் 60 மில்லிகிராம், அதாவது 0.060 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 4.200 கிராம். 22 காரட் தங்கம் என்பதில் வரும் காரட் தரத்தைச் சொல்வது, எடையை அல்ல.

கேள்வி: நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் 62 கிலோ மூட்டைக்கு என்ன வரும்?

பதில்: குவிண்டால் 100 கிலோ. கிலோ 25 ரூபாய், மூட்டைக்கு 1,550. டன் கணக்கில் கேட்டால் 10 குவிண்டால் ஒரு டன், 25,000 ரூபாய்.