வாசஸ்பதியும் ஒரு அக்கார்டியனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரேசிலின் வடகிழக்கு நாட்டார் இசையை அக்கார்டியனில் வாசிக்கும் ஓர் இளைஞரைக் காணொளியில் கேட்டேன். அருமையாகத் தொடங்கி, பாதியில் ஜாஸுக்குத் தாவிவிடுகிறார். ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. நாட்டார் இசையை அதன் போக்கில் விட்டால் என்ன? (நான் ஆர்மோனியம் கொஞ்சம் வாசிப்பேன்.)

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அப்புறம் விரல் வேகத்தை மட்டும் காட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைச் சொல்கிறீர்கள் என்றால் சரி, நானும் உங்கள் கட்சிதான்.

ஆனால் அந்த ஊர் இசையின் அரசர் லூயிஸ் கொன்சாகாவையே பாருங்கள். 1912இல் வடகிழக்கு மாநிலமான பெர்னம்புகோவின் எஷு என்ற சிற்றூரில் பிறந்தவர். ரியோவின் மதுக்கடைகளில் அவர் முதலில் வாசித்தது டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட். 'நம்ம ஊர்ப் பாட்டு ஒன்று வாசியேன்' என்று அதே வடகிழக்கின் சியாரா மாநிலத்திலிருந்து வந்திருந்த மாணவர்கள் நச்சரித்த பிறகே ஊர் மெட்டுக்குத் திரும்பினார் என்பார்கள். 'பையாவ்' என்ற தாளவகை நாடெங்கும் பரவியது அதற்கும் பிறகு, 1946 வாக்கில். அடுத்த தலைமுறையின் எர்மெத்தோ பாஸ்கோல், சிறுவனாக ஊர் நடனங்களில் அக்கார்டியன் வாசித்தவர். 1970இல் அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார்.

அவர்களால் ஊர் மெட்டுக்கும் வெளி இசைக்கும் இடையே போய்வர முடிந்ததற்குக் காரணம் சுரத்திலேயே இருக்கிறது. அந்தப் பகுதியின் பல மெட்டுகளில் பிரதி மத்யமமும் (உயர்ந்த ம) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நி) சேர்ந்து வரும். ஏழு சுரங்களையும் வரிசையாக வைத்தால் நம் கர்நாடக சங்கீதத்தின் வாசஸ்பதி. (கமகம் என்ற சுர அசைவு கிடையாது, அதனால் ராகம் என்று சொல்ல மாட்டேன்.) 1940களில் ஜாஸ் கலைஞர்கள் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் செவன்த் கார்டின் (நிஷாதமும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) மேல் ஆசையாக ஏற்றி வைத்ததும் இதே பிரதி மத்யமத்தைத்தான். உங்கள் இளைஞர் 'தாவிய' இடத்தை மறுபடி கேளுங்கள். சுரங்கள் அப்படியேதான் இருக்கும், அடியில் கார்டுதான் அடர்ந்திருக்கும்.

நான் பயப்படுவது தாளத்துக்கு. ஸபும்பா என்ற அவர்களுடைய முரசில், மேல் தோலில் கனத்த கோல் விழும், கீழ்த் தோலில் மெல்லிய குச்சி இடையிடையே சுண்டும். ஜாஸ் டிரம்ஸ் வந்து அந்தச் சுண்டலை விழுங்கிவிட்டால் நடனம் போய்விடும். ஒட்டுப்போட்டது போல உங்களுக்குப் பட்டது அதனாலும் இருக்கலாம்.

அக்கார்டியனின் இடது பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் முழு கார்டும் வரும். செவன்த் பொத்தான் பெரும்பாலும் தருவது ச, க, நி. அதன் மேல் வலது கை ரி, ம, த பிடித்தால் பஞ்சமம் நீங்கலாக எல்லாம் வந்துவிடும். உங்கள் ஆர்மோனியத்திலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கையும் கட்டையில் இருக்கும், துருத்தி போட வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்